பேர் சொல்லாத மொய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, கல்யாணம் அந்த மண்டபத்துல வேணாம்ப்பா" என்று சொன்னதும் நான் கத்திய கத்தலுக்கு மைக்செட் எதுவும் தேவைப்படவில்லை. "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி என்னய அசிங்கப்படுத்தணும்னே கெளம்பிருக்கியாடா?" என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். அப்பன் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற மண்டபம், சாவி என் இடுப்பில் தொங்குகிறது, பெற்ற மகன் கல்யாணம் வேறு இடத்தில் நடந்தால் சமயநல்லூர் கடைத்தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை. உங்கம்மா சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "அவனுக்கு விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீசு வந்து இருவது நாளாச்சு. ஊர்க்காசுன்னு தலைவரு விட்ட காயின யார் யாரு வாங்குனாகங்குற பட்டியலு அவன்கிட்டத்தான் இருக்காம். குடுக்க மாட்டேங்கிறான். ஏண்டான்னு கேட்டா, அதுல ஒங்க பேரு இருக்காம். நீங்க என்னடான்னா மண்டபம் மண்டபம்னு குதிக்கிறீக" என்றாள்.

போனில் பேசினால் வெட்கத்தில் மறுபடியும் கத்திவிடுவேன் என்பது எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் ஒருவனுக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பவில்லை. இதன் நகல் ஒன்று என் தொழில் கூட்டாளி காதர் பாய்க்கும், ஒன்று உன் மாமனார் வீட்டுக்கும் போகிறது. வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன். ஒளித்து வைத்துப் பட்டது போதும். தலைவரின் பேரையும் பதவியையும் மட்டும் நான் இதில் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு, அங்கே சொல்ல வேண்டியவன் நீ.

முப்பது வருஷமாக நான் அடுத்தவர் பேரை வாசித்தே பிழைத்தவன். பந்தலும் மைக்செட்டும் தொழில் என்று போர்டில் எழுதியிருந்தாலும், விசேஷ வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்தது மொய் வாசிக்கத்தான். ஊர், பேர், தொகை. "சோழவந்தான், பெரியகருப்பன், ஐநூத்தி ஒண்ணு." அம்புட்டுதான் வேலை. ஆனால் அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்பது மைக் பிடித்தவனுக்குத்தான் தெரியும். கொடுத்தவனுக்குத் தன் பேர் நாலு பேர் காதில் விழுந்தால் திருப்தி. வாங்கினவனுக்கு, நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற நினைப்பு. கேட்டுக்கொண்டு பந்தியில் இருக்கும் சனத்துக்கு, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற சாட்சி. இதில் நானும் காதர் பாயும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம், உனக்கும் தெரியும். சீரியல் லைட் போட அவர் வருவார், மைக்குக்கு நான் போவேன், இரண்டு பேரும் மொய் எழுதுவோம். என் மொய்யை அவர்தான் மைக் வாங்கி வாசிப்பார், அவருடையதை நான் வாசிப்பேன். தன் மொய்யைத் தானே வாசிக்கக் கூடாது, அது பெருமையடிக்கிற மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் ஏற்பாடு.

நீ காலேஜில் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் எனக்கு சவுண்டு மிக்சரைப் பார்த்துக் கொடுப்பாய். அப்போது ஒரு பெரிய அதிகாரி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். மொய் மேஜையில் கவர் கவராக வந்து விழுந்தது. ரோடு போடுகிறவர், தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர், மண் அள்ளுகிறவர் என்று எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் என் காதோரம் குனிந்து, "பேரு வேணாம்ணே, சும்மா விட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் நான் மைக்கில் வாசித்தது நூற்று ஒன்றும் இருநூற்று ஒன்றும் வைத்த ஏழைபாழைகளின் பேர் மட்டும்தான். நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏம்ப்பா, அந்தப் பெரிய கவருக்கெல்லாம் பேரு வாசிக்கல?" என்று கேட்டாய். "ஒன் வேல சவுண்டு, சவுண்ட மட்டும் பாரு" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் அந்த மாதிரிக் கேள்வி கேட்கவே இல்லை. கேட்கிற பிள்ளையின் வாயை முதலில் அடைத்தவன் நான்தான்.

பிறகு ஊர்க்காசு வந்தது. நீ பொங்கலுக்கு வந்திருந்தபோது தலைவரின் உதவியாளர் செல்வம் வெள்ளைச் சட்டையும் பெரிய பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்தார். தலைவர் மருமகன் பேரில் ஒரு கம்பெனி, அதிலிருந்து போனிலேயே வாங்கி விற்கிற ஒரு கம்ப்யூட்டர் காசு, ஊர்க்காசு என்று ஒரு காயின் வரப்போகிறது, நம் ஊர் பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் போகிறது என்றார். "தம்பி கம்ப்யூட்டருதான படிச்சிருக்கு? அந்தக் காயினத் தம்பியே எழுதிக் குடுக்கட்டும். வெளியாளுகிட்டக் குடுத்தா விசயம் கசிஞ்சிரும்ணே" என்றார். அவர் போன பிறகு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "யாரு வாங்குறாங்கன்னு வெளிய யாருக்கும் தெரியாதுப்பா. எழுத்தும் நம்பருமா ஒரு வரிதான் தெரியும். ஆனா எந்த வரி யாரோடதுன்னு தலைவரு மட்டும் பாக்குற மாதிரி தனியா ஒரு பக்கம் வேணுமாம். அது எதுக்குன்னு யோசிச்சீங்களா?" நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நான் பேச முடியும்! "மொய் எழுதுற வீட்டுல நோட்டு இருக்காதா? அது மாதிரிதான்டா" என்றேன். "மொய்க்கு மைக்கு இருக்குப்பா. இதுக்கு மைக்கு எங்க?" என்று நீ கேட்டாய்.

இத்தனை வருஷம் மைக் பிடித்தவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஆனால் என் கண் முழுக்க அப்போது சமுதாயக்கூடத்தின் மேல், இந்த மண்டபத்தின் மேல்தான் இருந்தது. ரோட்டோரத்தில் புதிதாகக் கட்டி, குத்தகைக்கு விடக் காத்திருந்தது. அதைக் கொடுக்கும் கையெழுத்து தலைவருடையது. "பெரிய மனுசன் வீடு தேடி வந்து கேக்குறப்ப முடியாதுன்னா நாளைக்கு இந்த ஊர்ல நான் ஒரு பந்தக்கால் ஊன முடியுமாடா? அப்பனுக்காக இத ஒண்ணு செய்யி" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாய். உன்னிடம் நான் கேட்டு நீ செய்த காரியங்களில் இது ஒன்றைத்தான் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது அழுகிறேன், தம்பி.

தொடக்க விழாவில் மைக் பிடித்ததும் நான்தான். செல்வம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். போதாது என்று நானே சேர்த்து அடித்துவிட்டேன். "நம்ம ஊருக்குன்னு ஒரு காசு! இன்னைக்குப் பத்து ரூவா, நாளைக்கு நூறு ரூவா! தலைவர் கைபட்டா மண்ணும் பொன்னாகும்!" என்றேன். சனம் கை தட்டியது. அந்தத் தட்டலில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துச் செல்வம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு லச்சத்துக்கு எடுங்கண்ணே. தலைவரு அந்தப் பக்கத்தத் தெனமும் பாக்குறாரு" என்று மட்டும் சொன்னார். மண்டபம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. புது ஸ்பீக்கர் வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டேன். கவர் கொடுக்கவில்லை, யார் கண்ணிலும் படவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே போனைத் தடவினேன், அவ்வளவுதான். நானே ஒரு லஞ்சம் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஏதோ மொய் செய்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

அந்த மண்டபத்துக்கு முறைப்படி எழுதிப் போட்டவர் காதர் பாய். என்னைவிட அதிக வாடகைக்கு, முன்பணமும் கட்டி. செல்வம் அவரிடமும் போயிருக்கிறார். "ஆண்டவன் பேரச் சொல்லிப் போடுற காசுக்கே நாளைக்குக் கேள்வி உண்டு தம்பி. பேரே சொல்லாமப் போடுற காசு எனக்கு வேணாம்" என்று பாய் சொல்லி அனுப்பிவிட்டார். ஏதோ ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டது என்று அவருடைய விண்ணப்பம் திரும்பிவிட்டது. மண்டபம் எனக்கு வந்தது. திறப்பு விழாவுக்கு அவரையே சீரியல் லைட் போடக் கூப்பிட்டேன். அவரும் வந்து போட்டுவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாரச் சந்தையில் கடைக் கட்டணத்தை ஊர்க்காசிலேயே கட்டலாம் என்று தலைவர் ஒரு தீர்மானம் போட்டார். மறுநாளே விலை ஏறியது. ஏறிய சூட்டில் அவர் வீட்டு ஆட்கள் கையில் வைத்திருந்ததை எல்லாம் தள்ளிவிட்டார்கள். மொத்தக் காசில் முக்கால்வாசி அவர்களிடம்தான் இருந்தது என்று நீ அப்போதே சொல்லியிருந்தாய். சட்டம் போடுகிற கையும் காசு விற்கிற கையும் ஒரே கையாக இருந்தால் யார் போய் யாரிடம் முறையிடுவது? வேலியே பயிரை மேய்ந்தது. பத்து ரூபாய் காசு சில பைசாவுக்கு வந்து நின்றது. என் இரண்டு லட்சமும் போனது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எனக்குத்தான் மண்டபம் கிடைத்துவிட்டதே!

பாண்டியம்மாவைப் பற்றித்தான் பேச வேண்டும். மண்டபத்தில் பாத்திரம் கழுவ வருகிற பாண்டியம்மாதான். ஒரு வளைகாப்பு முடிந்த மத்தியானம், கொல்லைப்புறத்தில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "அண்ணே, அந்தக் காசு மறுபடி ஏறுமாண்ணே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயுமா வாங்குன? யாரு சொல்லி வாங்குன?" என்றேன். "நீங்கதான மைக்குல சொன்னீக. வேற ஆளு சொல்லிருந்தா நான் போட்டிருப்பேனா? மக பிரசவத்துக்கு வச்சிருந்தது, பன்னெண்டாயிரம். பக்கத்து வீட்டுப் பிள்ளதான் போன்ல போட்டுக் குடுத்துச்சு" என்றாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை, தம்பி. அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "ஏறும் பாண்டியம்மா, கொஞ்சம் பொறு" என்றேன். ஏறாது என்று தெரிந்தே சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த அண்டாவை இழுத்துக்கொண்டாள்.

மொய்யையும் இதையும் ஒன்றாக நினைத்தேனே, அந்தப் புத்தியைத்தான் எத்தனை செருப்பால் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. மொய் வாங்கினவன் தன் வீட்டுச் சொத்திலிருந்து திருப்பிச் செய்கிறான். தலைவர் எனக்குத் திருப்பிச் செய்தது ஊர்ச் சொத்து. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவர் பரிமாறினார், நான் இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். அந்த அதிகாரி காதுகுத்து வைத்து வாங்கினாரே, அதற்காவது ஓர் எல்லை இருந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு காதுதான். எத்தனை பிள்ளை இருந்தாலும் ஒரு நாள் காது தீர்ந்துவிடும். கவர் கொடுக்கிறவன் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும், பந்தலுக்கு நேரில் வர வேண்டும், நாலு பேர் கண்ணில் பட வேண்டும். இந்தக் காசுக்குக் காது தீராது. பகலிலும் காதுகுத்து, இரவிலும் காதுகுத்து. நம் கண்மாய் மண்ணின் மேல் கண் வைத்த எவனோ ஒருவன் எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் மொய் செய்யலாம். தலைவருக்கு மட்டும் அவன் பேர் தெரியும். நமக்கு, கண்மாயில் லாரி இறங்கிய பிறகுதான் தெரியும். பதவியில் இருக்கிறவர் தன் பேரில் காசு அடித்து விற்றால், அதை வாங்குகிறவன் காசையா வாங்குகிறான்? அவர் கையெழுத்தை வாங்குகிறான். இதை எனக்கு விளக்கிச் சொல்லத்தான் நீ பொங்கல் அன்று அத்தனை பாடுபட்டாய்.

இந்த வாரம் நான் மூன்று இடத்துக்குப் போய் வந்தேன். முதலில் மண்டபச் சாவியை எழுத்து மூலமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என்னண்ணே, மகன் கல்யாணத்த வச்சுக்கிட்டு..." என்று வாங்கினவர் இழுத்தார். "மகன் கல்யாணத்துக்காகத்தான் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து வண்டியூருக்குப் போய், உன் மாமனாரிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். பெண்ணையும் கூட உட்கார வைத்துத்தான் சொன்னேன். நீ ஏற்கெனவே அந்தப் பிள்ளையிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அது நல்ல காரியம், தம்பி. உங்கம்மாவிடம் நான் இரண்டு லட்சத்தை மறைத்தேன். அவள் கண்டுபிடித்த அன்றைக்குப் பணத்தைக் கேட்கவில்லை, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும்தான் கேட்டாள். உன் மாமனார், "சம்மந்தி, எங்க வீட்டு முன்னாடி பந்தல் போட எடம் இருக்கு. பந்தல் ஒங்களுதுதான?" என்றார். கல்யாணம் அங்கேதான். பத்திரிகையில் இடத்தின் பேரை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாகக் காதர் பாய் கடைக்குப் போனேன். சீரியல் பல்பு ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். "தெரியும்ணே" என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். "மண்டபத் தொறப்பு விழா அன்னைக்கே. முப்பது வருசமா என் மூஞ்சியப் பாத்துப் பேசுன ஆளு, அன்னைக்குப் பல்பப் பாத்துப் பேசுனீக" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒயரைக் கீழே வைக்கவில்லை. "அது பெறகு பாப்போம்ணே. மொதல்ல தம்பிய விடுங்க. ஒங்க பேர வாயில வச்சுக்கிட்டு, முழுங்கவும் முடியாமத் துப்பவும் முடியாம அது கெடக்கு" என்றார். கல்யாணத்துக்கு லைட் போட வருவீர்களா என்று கேட்டேன். "லைட்டு போடுறேன். மைக்கப் பத்தி அன்னைக்குப் பேசிக்குவோம்" என்றார். சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

பாண்டியம்மாவிடம் இன்னும் போகவில்லை. பன்னிரண்டாயிரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பணத்தைக் கொடுத்துவிடலாம். ஏறும் என்று சொன்னேனே, அது பொய் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கால் வரமாட்டேன் என்கிறது. நாளைக் காலையில் போகிறேன்.

விசாரணை வருகிற வியாழக்கிழமை, முகூர்த்தம் அதற்கு அடுத்த புதன். வக்கீலிடம் கேட்டேன். வாங்கினவனைப் போலவே கொடுத்தவனும் குற்றவாளிதானாம். கல்யாணத்தில் நான் மணமேடையில் நிற்பேனா, வேறு எங்காவது இருப்பேனா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. உங்கம்மா அழுதாள், பிறகு "அவன் சொல்லட்டும்" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மடியில் கனம் இருக்கிறதே. ஆனால் என்னைக் காப்பாற்ற நீ வாயை மூடிக்கொண்டால், "சவுண்ட மட்டும் பாரு" என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு வாழ்நாள் முழுக்க நீ கீழ்ப்படிந்ததாக ஆகிவிடும். அது ஒன்று வேண்டாம். அந்தக் காயினை எழுதியவன் நீ என்பதையும் மறைக்காதே. அப்பன் கட்டாயப்படுத்தி எழுதினேன் என்பதையும் மறைக்காதே. இரண்டும் உண்மை.

நான் தனியாகப் போய் என் பேரைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்தான். அப்படிச் செய்தால் என் பேர் மட்டும்தான் வெளியே வரும். பட்டியல் உன்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அதிகாரி வீட்டுக் காதுகுத்தில் கவர் கொடுத்துவிட்டு என் காதோரம் குனிந்தவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். தன் மொய்யைத் தானே வாசிக்கக் கூடாது என்ற பழைய ஏற்பாடும் இருக்கிறது. வியாழக்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். உள்ளே விட மாட்டார்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பட்டியலில் என் பேர் எங்கேயாவது நடுவில் கிடக்கும், வரிசைப்படி வாசிக்காதே. முதலில் என் பேர். சமயநல்லூர் என்று ஊரைச் சொல்லித் தொடங்கு, பிறகு இனிஷியலோடு பேர், பிறகு தொகை. கதவுக்கு வெளியே இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி.

அப்பா